தற்போதைய பயன்பாடு: இல்லை

அந்தப் படிவம் மொத்தம் நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தில் ‘கட்டடத்தின் தற்போதைய பயன்பாடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘இல்லை’ என்று எழுதியவன் நான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. புதுக்கோட்டையில் என் அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, காலை பதினோரு மணிக்கு, நல்ல தெளிவோடு எழுதினேன். எழுதி முடித்துவிட்டு ஒரு காபி வரவழைத்துக் குடித்தேன். அந்தக் காபி நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

நான் கட்டட வடிவமைப்பாளன். பிழைப்புக்கு வீடும் கல்யாண மண்டபமும் வரைந்து கொடுக்கிறேன். என் பைத்தியம் வேறு. சுதந்திரம் வந்த கையோடு, காங்கிரீட்டை வைத்து எதையும் செய்துவிடலாம் என்று நம்பிய பொறியாளர்கள் ஊர் ஊராகக் கட்டிவிட்டுப் போன கட்டடங்கள்மேல் எனக்குத் தீராத மோகம். பேருந்து நிலையம், தண்ணீர்த் தொட்டி, கூட்டுறவுச் சங்கம், எதுவானாலும் சரி. எங்கள் மாவட்டத்தில் பாரம்பரியம் என்று வாயெடுத்தால் குடைவரைக் கோயிலையும் அரண்மனையையும்தான் கை காட்டுவார்கள். நான் வளர்ந்தது ஆவுடையார்கோவிலில். வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் கோயிலின் கல் கூரைக் கொடுங்கையைக் காட்ட அப்பா அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் பாதி வழியில் மேல்நிலைத் தொட்டியின் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். “இவனுக்கு என்னமோ ஆயிருச்சுங்க” என்று அப்பா விருந்தாளியிடம் சொல்லிச் சிரிப்பார்.

மணமேல்குடிக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு கடலோர ஊர். பெயர் வேண்டாம். ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அங்கே ஒரு மீன் விற்கும் கூடம் இருக்கிறது, அரசாங்கக் கட்டடம். சுவரே கிடையாது. ஆறு தூண்கள். ஒவ்வொரு தூணும் மேலே போய், காற்றில் பின்பக்கமாக மடங்கிய குடை போல நான்கு பக்கமும் விரியும். ஆறு குடைகளும் சேர்ந்ததுதான் கூரை. ஓரத்தில் அதன் கனம் நாலு விரற்கடைகூட இருக்காது. மழைத் தண்ணீர் குடையின் நடுவில் சேர்ந்து, தூணுக்குள்ளேயே இறங்கி, அடியில் வந்து கொட்டும். கட்டியவர் யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் கீழே முப்பது பெண்கள் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒரு கூடை நண்டை மிதித்துத் தொலைத்தேன். கூடைக்காரி திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

அப்போது மூன்றாவது குடைக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது. “அடியே, விடு விடு. அது நம்ம தம்பிடி. ஆவுடையார்கோயில்ல கிளார்க்கு அய்யா மகன்.”

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு அந்தக் குரல் பிடிபட்டது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் கூடையோடு பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் மீன் விற்றவர். அப்போது இளவயது. அம்மா அவரைத் தவிர யாரிடமும் வாங்கமாட்டாள். காரணம், கூடையை இறக்கும்போதே, “இந்தச் சாளை இன்னிக்குள்ளது, இந்தப் பாறை நேத்துள்ளது, வேண்டாம்னா விட்ருங்க” என்று அவரே சொல்லிவிடுவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். இப்போது தலை நரைத்து, அலைய முடியாமல், கூடத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டிருந்தார். புருஷன் கடலோடு போய்விட்டார். மகள் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து, ஒரு பெண்பிள்ளையோடு கூடவே இருந்தாள். மூன்று பேருக்கும் சோறு அந்த மூன்றாவது குடையிலிருந்துதான் வந்தது.

அதன்பிறகு நான் மாதக்கணக்கில் அங்கே போய் அளந்தேன், வரைந்தேன், படம் எடுத்தேன். கூடத்தை இடிக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று மற்ற பெண்கள் சந்தேகப்பட்டார்கள். அக்கா எனக்காக ஜாமீன் நின்றார். “இடிக்கிறவனா இருந்தா இப்படித் தூணத் தடவிக்கிட்டு நிப்பானாடி? பொண்டாட்டிய விட்டுட்டு வந்து இங்கிட்டு நிக்கிது பாவம்” என்றார். கூடமே சிரித்தது. எனக்கும் அந்தக் கேலி பிடித்திருந்தது. ஆனால் என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்கள் தூணில் ஆணி அடித்துப் பை மாட்டியிருந்ததையும், குடைக்குக் குடை நீலத் தார்ப்பாய் கட்டியிருந்ததையும் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். என் படங்களில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஆள் வந்தால் காத்திருந்து, போனபின் எடுப்பேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

கூரை மோசமான நிலைமையில் இருந்தது. உப்புக்காற்று கம்பியைத் தின்று, அங்கங்கே காங்கிரீட் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஒருமுறை உள்ளங்கை அளவு துண்டு ஒன்று ஐஸ் பெட்டிமேல் விழுந்து மூடி உடைந்தது. இன்னும் சில மழைக்காலம் போனால் இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போட்டுவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் ஒரு சிமெண்ட் கம்பெனி, நவீன காலக் கட்டடங்களைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு திட்டம் அறிவித்தது. கோயிலுக்கும் கோட்டைக்கும் கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. காங்கிரீட்டுக்குக் கொடுக்க ஒரு கை நீண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். நான் எழுதிப் போட்டேன். சென்னையிலிருந்து திட்டப் பொறுப்பாளர் பேசினார். படித்த, பண்பான பெண்மணி. என் படங்களைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியதாம்.

“ஒரே ஒரு விஷயம் சார்” என்றார். “பயன்பாட்டில் இல்லாத கட்டடங்களுக்குத்தான் எங்கள் திட்டம். உள்ளே ஆட்கள் தொழில் நடத்திக்கொண்டிருந்தால் அது வேறு மாதிரியான பொறுப்பு. நாங்கள் தொடமாட்டோம். இந்தக் கூடம் சும்மாதானே இருக்கிறது? படத்தில் யாருமே இல்லையே?”

நான், “நீங்கள் நேரில் வந்து பாருங்கள்” என்றேன். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். எப்போது வரலாம் என்று கேட்டார். மே மாதம் வாருங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றேன்.

எங்கள் கடற்கரைக்காரர்கள் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே என்னைப் பிடித்துவிடுவார்கள். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனும் கரையிலேயே விலைபோய்விடும். கூடத்துக்கு வேலை இல்லை. பெண்கள் நூறு நாள் வேலைக்கும் கருவாட்டுக்கும் போய்விடுவார்கள். ஆனால் போகிற அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். உட்காருகிற கல், மீன் வெட்டும் பலகைக்கு முட்டுக்கொடுக்கிற கல், எதுவானாலும் சரி. கல் இருக்கிறவரை இடம் அவருடையது. இரண்டு மாதமும் ஆடு மாடுகூட அதைத் தள்ளாது. யாராவது செத்துப்போனால், அல்லது வியாபாரத்தை விட்டே போனால், அந்த வீட்டார் வந்து கல்லை எடுத்துக்கொள்வார்கள். ‘அவ கல்லெடுத்துட்டா’ என்று சொன்னால் அங்கே அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

கம்பெனி ஆட்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, மெட்ராஸ்லேர்ந்து கம்பெனிக்காரங்க கூடத்தப் பாக்க வாராங்க. கூரையெல்லாம் சரி பண்ணித் தரப்போறாங்க. எடத்தக் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கிட்டா நல்லாருக்கும்.”

“அதுக்கென்ன தம்பி. நாலு பேரு சேந்து கழுவி விட்டுர்றோம்.”

“அந்தக் கல்லையெல்லாம் கொஞ்சம் எடுத்து வச்சுரலாமாக்கா?”

அக்காவின் குரல் சட்டென்று தாழ்ந்தது.

“கல்லையா?”

“ஒரு நாளைக்குத்தான்க்கா. படம் எடுக்கணும். பெறகு வச்சுக்கலாம்.”

“மத்தவளுக கேப்பாளுகளே தம்பி” என்றார். பிறகு அவரே சொன்னார்: “சரி. ஒனக்காகத்தான். நான் மொதல்ல எங் கல்ல எடுக்குறேன். பெறகு அவளுகளும் எடுப்பாளுக.”

போய் இறங்கியதும் நானே அசந்துவிட்டேன். தரையைத் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பல வருஷத்துச் செதிலும் ரத்தமும் போய், அடியில் இருந்த பழைய சிமெண்ட் பாலீஷ் மினுங்கியது. ஆணியைப் பிடுங்கி, தார்ப்பாயைக் கழற்றி, கல், தராசு, கூடை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பக்கத்து ஐஸ் பிளாண்ட் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை ஒழிப்போமே, அந்த மனசோடுதான் செய்திருந்தார்கள். முப்பது பேர் வருஷக்கணக்காக உட்கார்ந்த சுவடு ஒன்றுகூட மிச்சமில்லை.

பொறுப்பாளர் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். “இத்தனை அழகான இடம் இப்படிச் சும்மா கிடக்கிறதே!” என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டடி தள்ளி அக்கா வந்தவர்களுக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாததால் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் ஆங்கிலத்தில், “ஆமாம், வருத்தம்தான்” என்றேன். அந்த நேரத்தில் கம்பெனியின் படக்காரர் எங்களை ஒரு படம் எடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியது. எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. எழுதுகிற அன்றைக்கு அங்கே வியாபாரம் இல்லை, ஆகவே பொய் இல்லை. கூரை நின்றால்தான் அவர்களுக்கே உட்கார இடம். முதலில் கட்டடத்தைக் காப்பாற்றுவோம், மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கேட்டால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள், அவ்வளவு நன்றாகச் சொல்வேன். படிவத்தோடு, கம்பெனி எடுத்த படங்களையும் சேர்த்து, பத்துப் பக்க அறிக்கை ஒன்றும் வைத்தேன். ‘நீண்ட காலமாகக் கைவிடப்பட்ட நிலையில்’ என்ற ஒரு வரி அதில் வருகிறது. அந்த ‘நீண்ட காலமாக’ என்பதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. வாக்கியம் எடுப்பாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன்.

பணம் ஒதுக்கினார்கள். தடைக்காலம் முடிவதற்கு முன்பே சாரம் கட்டிவிட்டோம். பெண்கள் ஐஸ் பிளாண்டை ஒட்டிய சாலையோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். “வேல முடிஞ்சதும் நீங்கதான்க்கா உக்காரப் போறீங்க, மூணாங் குடையிலயே” என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது நானும் நம்பினேன். வரைபடத்தில் தண்ணீர்க் குழாயும், கழிவுநீர் போக வாய்க்காலும், மீன் வைக்க மேடையும் போட்டிருந்தேன். வேலை நடந்த ஒரு வருஷத்தில் அவை ஒவ்வொன்றாகக் கழன்றன. காங்கிரீட்டுக்கு மேல் பூசிய பூச்சுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்றார்கள்; வாய்க்கால் போயிற்று. கைவிடப்பட்ட கட்டடத்துக்குப் புதிய பயன்பாடு கண்டுபிடிப்பதுதான் திட்டத்தின் நோக்கம், ஆகவே இது கடலோர வடிவமைப்பு மையம் ஆகும் என்றார்கள், மேடை போயிற்று. வாரத்துக்கு ஒரு நாளாவது சந்தை நடக்கட்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். “அங்கே சந்தை நடந்ததாக உங்கள் அறிக்கையில் இல்லையே” என்று பொறுப்பாளர் ஆச்சரியமாகக் கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியாது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஐஸ் பிளாண்ட் பின்னால் கிடந்த கற்களைத் தோட்டம் போட வந்தவர் பார்த்து, நல்ல தேய்ந்த கற்களாக இருக்கிறதே என்று கொண்டுவந்து மரமல்லிக் கன்றைச் சுற்றி வட்டமாகப் பதித்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் அதைப் படமும் எடுத்தேன்.

திறப்பு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘முன்னொரு காலத்தில் இவ்விடத்தில் மீன் விற்ற பெண்களின் நினைவாக’ என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அக்காவுக்குப் பொன்னாடை பிடித்திருந்தது. கீழே இறங்கியதும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“நல்லாப் பண்ணிருக்கீங்க தம்பி. நாங்க எப்ப வந்து உக்காரலாம்?”

“பேசிக்கிட்டு இருக்கேன்க்கா” என்றேன்.

நான் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்காக எனக்கு ஒரு விருது வந்தது. படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லாவற்றுக்கும் போனேன். மணமேல்குடிப் பக்கம் வேலை வந்தால் மட்டும் உதவியாளரை அனுப்பிவிடுவேன்.

சாலையோர வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. வெயிலில் மீன் சீக்கிரம் கெட்டது. லாரிப் புழுதி படிந்த மீனை யார் வாங்குவார்கள்? வழியை அடைக்கிறார்கள் என்று அங்கிருந்தும் எழுப்பிவிட்டார்கள். ஒருநாள் முற்பகல், அக்கா இரண்டு பெண்களோடு பஸ் பிடித்து என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கூடத்தில் திரும்ப உட்கார அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டும், நல்லபடியாக எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

“அங்க போயிக் கேட்டா, அது யாரும் பொழங்காத கட்டடமுன்னு ரிப்போட்டு இருக்குங்கறாங்க தம்பி. இது என்ன அநியாயம்? எம் மகளக் கட்டிக் குடுத்ததே அந்தக் கூடத்துல ஒக்காந்து வித்த காசுலதான். எவனோ ஒருத்தன் வந்து பாக்காமலே எழுதிப்புட்டான். அத அப்படியே போடு.”

என் மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டையில் ஆறு குடைகள், ஆள் இல்லாமல். ஒரு பெண் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம கூடந்தான்!” என்று மற்றவளுக்குக் காட்டினாள். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அக்காவின் முகம் எப்படி மாறும் என்பது கண்முன் வந்து, அதற்குமேல் நகரவில்லை. பயந்தாங்கொள்ளி. வேறு பேர் எனக்குத் தெரியவில்லை. தாளை எடுத்து என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: ‘கட்டடத்தை நேரில் வந்து பார்வையிடாமலேயே, பயன்பாட்டில் இல்லை என யாரோ ஒருவரால் தவறாக அறிக்கை அளிக்கப்பட்டுள்ளது.’ படித்துக் காட்டினேன். “கரெக்டா எழுதிருக்க தம்பி. படிச்ச பிள்ள எழுதுனா எழுதுனதுதான்” என்றார் அக்கா. முப்பது பெண்களின் கைநாட்டும் கையெழுத்துமாக அந்த மனு போயிற்று.

விசாரணைக்கு அறந்தாங்கி அரசு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மனுதாரர்கள் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். கம்பெனி தரப்பில் விளக்கம் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். போகாமல் இருக்கக் காய்ச்சல், கல்யாணம் என்று என்னென்னவோ யோசித்துப் பார்த்தேன். போனேன். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “தம்பி வந்துருச்சு. இனிமே நமக்குக் கவலையில்ல” என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். கம்பெனி ஆட்களின் வரிசையில் நான் உட்கார்ந்ததைக்கூட அவர் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரித்த அதிகாரி அவசரப்படாதவர். மனுவை முழுக்கப் படித்தார். பிறகு என் அறிக்கையைத் திறந்தார்.

“யாரும் வந்து பாக்காமலே எழுதுனாங்கன்னு சொல்லிருக்கீங்க. ஆனா இதுல படம் இருக்கேம்மா. வந்தவங்களுக்கு எளநி குடுத்துக்கிட்டு நிக்கிறது நீங்கதானே?”

அறிக்கையை அக்காவிடம் நீட்டினார். அக்கா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கழுவின தரை, கல் இல்லாத கூடம், கையில் அரிவாளோடு அவர், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நான். “ஆமாங்க, நான்தான்” என்றார்.

“அடுத்த பக்கம் பாருங்க, அறிக்கை குடுத்தவர் கையெழுத்துப் போட்டிருக்கார். இந்தா ஒக்காந்திருக்காரே, இவர்தான்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைத் தேடுகிறவரைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, “ஆத்தாடி” என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

“அப்ப இந்த மனுவுல இருக்கறது பொய்யில்லையாம்மா? இத யாரு எழுதிக் குடுத்தது?” என்று அதிகாரி கேட்டார்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினார். ஒரு நிமிஷம் இருக்கும், அதற்கு மேலேயே இருக்கும். மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார்:

“கடைத்தெருவுல யாரோ ஒருத்தருங்க. மொகந் தெரியாது. நாந்தான் வெவரம் இல்லாம அப்படி எழுதச் சொல்லிட்டேன்.”

“சார், நீங்க எதாவது சொல்லணுமா?” என்று அதிகாரி என்னிடம் திரும்பினார்.

“ஆய்வு செய்த தேதியில் அங்கே எந்தப் பயன்பாடும் இல்லை” என்றேன். என் குரல் தெளிவாகவே இருந்தது. கம்பெனிக்காரர் என் முழங்காலை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். பொய்யான விவரம் தந்ததால் மனு ஏற்கப்படவில்லை என்று எழுதினார்கள். அதிகாரிமேல் எனக்குக் குறை இல்லை. அவர் முன்னால் இருந்த தாள் அத்தனையும் என் கையால் எழுதியது.

வீட்டுக்கு வந்து பல நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதைச் சொல்வதற்குக்கூட எனக்கு அருகதை இல்லை, அங்கே மூன்று பேர் உண்மையிலேயே சரியாகச் சாப்பிடாமல் இருந்திருப்பார்கள். எட்டு மாதம் கழித்து ஒருவழியாகக் கடிதம் எழுதினேன். கம்பெனிக்கும், அரசுக்கும், விருது கொடுத்தவர்களுக்கும். கூடம் பயன்பாட்டில் இருந்தது, தடைக்காலம் என்று தெரிந்தே அழைத்துப் போனேன், கல்லை எடுக்கச் சொன்னவன் நான், மனுவை எழுதியவனும் நான். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனியிலிருந்து மரியாதையான பதில் வந்தது. தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது, புத்தகத்தின் அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும். மற்றவர்கள் பதிலே போடவில்லை.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வெளியே, ஒரு மூடிய பெட்டிக்கடையின் நிழலில் ஒற்றைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நகரை மீனும் நாலு நண்டும் இருந்தன. மகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், பிள்ளையையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஈயை ஓட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் மடித்து அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை, கை ஈரமாக இருந்தது.

“அன்னிக்கு அந்த ஆபீசரு கேட்டப்ப நான் கொஞ்ச நேரம் பேசாம நின்னேனே தம்பி, கவனிச்சியா?” என்றார்.

“ஆமாக்கா.”

“நீ சொல்லுவேன்னுதான் நின்னேன்.”